கதவில் வேறொருவர் பெயர்

என்னைக் கேட்டால், உதவி செய்வதற்குத் துளியும் பொருத்தமில்லாத ஒருத்தியைத்தான் அந்த அலுவலகத்துப் பெண் தேர்ந்தெடுத்தாள் என்று சொல்வேன். எண்பதுகளின் நடுப்பகுதி. நானும் கணவரும் டென்மார்க்கில் சில்க்போர்க் என்ற ஊருக்கு வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. எனக்குத் தெரிந்த டெனிஷ், கடையில் பால் வாங்கவும் பஸ்ஸில் சரியான இடத்தில் இறங்கவும் போதும். ஊரில் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள் என்பதால் மிச்சத்தை ஆங்கிலத்தைக் கொண்டு ஒப்பேற்றினேன். பொறுமை என்ற சாமான் எனக்குப் பிறப்பிலேயே கிடையாது. இதை அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை.

அகதிகளாக வருகிறவர்களுக்கு வீடு பிடித்துக்கொடுத்து, பள்ளிக்கூடம், வைத்தியர் எல்லாம் ஒழுங்கு செய்கிற அலுவலகம் அது. அங்கே வேலை செய்த டெனிஷ் பெண் நல்லவள். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டுதான் எதையும் கேட்பாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, முகாமிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வருகிறது, கணவன், மனைவி, ஆறு வயது மகள், கொஞ்ச நாளைக்குக் கூட நின்று எல்லாம் காட்டிக்கொடுக்க முடியுமா என்று கேட்டாள். "அவர் போர் நடக்கிற இடத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்" என்றாள். யாருக்கு மொழிபெயர்த்தார் என்று கேட்டேன். கையிலிருந்த தாளைப் பார்த்து, "இராணுவத்துக்கு" என்றாள், பஸ் நேரம் சொல்வதுபோல. நான் அதற்கு முதலே ஓம் என்று தலையாட்டிவிட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். தளபாடத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"என்ரை தம்பியை ஆமி பிடிச்சுக்கொண்டு போனது தெரியுந்தானே உமக்கு?"

தெரியும். சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய் மூன்று கிழமைக்குப் பிறகு விட்டார்கள். திரும்பி வந்தபோது வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. ஆனால் மிச்சத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னார். தம்பியின் கண்ணைக் கட்டியிருந்தார்களாம். சிங்கள அதிகாரி தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வானாம், சிகரெட் மணக்குமாம். கத்தினது தமிழன். 'உன்ரை விரலை முறிப்பன்' என்று சொன்னது தமிழன். தாயைப் பற்றிச் சொல்லக்கூடாத சொற்களைச் சொன்னது தமிழன்.

"உவர்தானோ எண்டு எனக்குத் தெரியாது. உப்பிடிக் கனபேர் இருந்திருப்பினம். ஆனா நீர் போகவேண்டாம்" என்றார்.

போகவேண்டாம் என்று சொன்னால் போகிற சாதி நான். அதோடு அந்த முகத்தைப் பார்க்கவேண்டும் என்றும் இருந்தது. பார்த்து என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை.

மாசி மாதம், பனி அழுக்காகிக் கிடந்த ஒரு காலையில் அவர்கள் வந்து இறங்கினார்கள். எனக்குக் குழப்பம் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். நான் எதிர்பார்த்துப் போனது ஒரு முரட்டு ஆளை. வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒல்லி மனிதர். முகாமில் கொடுத்த கோட்டு அவருக்கு இரண்டு அளவு பெரிது. கைகூப்பினார். பேசினபோது காதைக் கிட்டக் கொண்டுபோகவேண்டியிருந்தது, அவ்வளவு மெல்லிய குரல். இந்தக் குரலா கத்தியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு, குரலை வைத்து யார் எதைக் கண்டார்கள் என்றும் நினைத்தேன்.

மனைவி அவருக்கு நேர்மாறு. மாடிப்படி ஏறுவதற்கு முன்பே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளை, எனக்கு வீடும் வேண்டாம், கட்டிலும் வேண்டாம். என்ரை மூத்தவளைக் கூப்பிட என்ன செய்யவேணும், அதைச் சொல்லும்."

மூத்த மகள் கொழும்பில் தாய்மாமன் வீட்டில் இருந்தாள். நாட்டைவிட்டு வெளிக்கிடும்போது மூன்று பேருக்குத்தான் வழி கிடைத்தது. பெரியவள் சோதனை எழுதிக்கொண்டிருந்தாள், பிறகு கூப்பிடலாம் என்று விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையென்றால் பெற்றோர் டென்மார்க்குக்கு அழைக்கலாம். அவளுக்கு ஒக்டோபரில் பதினெட்டு முடிகிறது. எட்டு மாதம் இருந்தது. போதுமான காலம் என்றாள் அலுவலகத்துப் பெண். முதல் கிழமையே குசினி மேசையில் வைத்துப் படிவத்தை நிரப்பினோம். நான் எழுத, அவர் ஒவ்வொரு எழுத்தையும் குனிந்து பார்த்தார். ஊரில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் இருபது வருடம் கிளாக்காக இருந்தவர். ஆங்கிலம் வாசிப்பார், ஆனால் இங்குள்ளவர்கள் பேசுவது அவருக்குப் பிடிபடாது. மனைவி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பதில் கொப்பன்ஹேகனிலிருந்து தபாலில் வீட்டுக்கு வரும் என்று சொன்னார்கள்.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

இந்த நாட்டில் தபால்காரர் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு கதவிலும் இருக்கிற துவாரத்தால் கடிதத்தைப் போடுவார். போடுமுன் கதவில் எழுதியிருக்கிற பெயரைப் பார்ப்பார். கடிதத்தில் உள்ள பெயர் கதவில் இல்லையென்றால் போடமாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் ஊரில் தபால்காரர் சைக்கிள் மணியை அடித்து, "மூத்தவன் எழுதியிருக்கிறான் போலை" என்று கேற்றடியில் நின்று சொல்லிவிட்டுத் தருவார். அங்கே கதவில் யார் பெயர் எழுதினார்கள்?

இது எனக்கு நன்றாகத் தெரியும். பட்டுத் தெரிந்துகொண்டது. வந்த புதிதில் எங்கள் கதவில் கணவரின் பெயரை மட்டும் எழுதிவைத்தோம். அம்மா ஊரில் எழுதுவதுபோலவே, அப்பாவின் பெயரை முன்னுக்கு வைத்து என் பெயரை எழுதிக் கடிதம் அனுப்பினா. இந்தப் பெயரில் இங்கே ஆள் இல்லை என்று முத்திரை குத்தி அது யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போனது. மகளைக் கொண்டுபோனவன் எங்கேயோ விட்டுவிட்டான் என்று அம்மா ஒரு மாதம் சாப்பிடவில்லையாம். அதற்குப் பிறகு எங்கள் கதவில் எங்களுக்கு இருக்கக்கூடிய அத்தனை பெயரையும் எழுதி ஒட்டினேன்.

அவர்களுக்குக் கிடைத்த வீட்டில் முதல் ஒரு டெனிஷ்க் கிழவி இருந்தவ. முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டா. 'சென்' என்று முடிகிற அவவின் குடும்பப் பெயர், பித்தளைத் தகட்டில் பொறித்துக் கதவில் அப்படியே இருந்தது. கட்டடத்தைப் பராமரிக்கிறவர் புதுப் பெயர் எழுத ஒரு வெள்ளைப் பட்டி கொடுத்திருந்தார். இரண்டாம் கிழமை போனபோதும் அது எழுதாமல் குசினி மேசையின் இழுப்பு லாச்சிக்குள் கிடந்தது.

"அண்ணை, பெயர் போடேல்லையோ?" என்று கேட்டேன்.

"கிடக்கட்டும் பிள்ளை. கதவிலை பெயரைக் கண்டால் ஆர் ஆர் வருவினமோ தெரியாது." பிறகு இன்னும் மெதுவாகச் சொன்னார். "ஊரிலை இயக்கப் பெடியள் என்ரை கேற்றிலை ஒரு கடதாசித் துண்டு கட்டிப்போட்டுப் போனவங்கள். பெயர் போட்டுத்தான் துரோகி எண்டு எழுதியிருந்தது."

நான் வாயைத் திறந்தேன். பெயர் போடாவிட்டால் கடிதம் வராது அண்ணை என்று சொல்வதற்குத்தான் திறந்தேன். பிறகு மூடினேன். அந்த ஒரு நிமிடத்தை எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். பயந்த மனிதர், கொஞ்ச நாள் ஒளிந்து இருக்கட்டும் என்ற இரக்கமா? மடங்காத இரண்டு விரல்கள் மனதில் வந்து, கிடந்து அனுபவிக்கட்டும் என்று நினைத்தேனா? இரண்டும் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். கொழும்பில் இருக்கிற பிள்ளையை மட்டும் அப்போது நான் நினைக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைக்கவில்லை.

தன் விலாசம் ஊருக்குத் தெரியக்கூடாது என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மகளின் கடிதங்கள் என் விலாசத்துக்கு வரலாமா என்று கேட்டார். சரியென்றேன். நீல நிற ஏரோகிராம் கடிதம் எங்கள் வீட்டுக்கு வரும், நான் வெள்ளிக்கிழமைகளில் கொண்டுபோய்க் கொடுப்பேன். தாய் அதை வாசலிலேயே கிழித்துச் சத்தமாக வாசிப்பாள். வெளியே தகடு மினுங்கிக்கொண்டிருக்கும். கடிதத் துவாரத்தால் யார் பெயரும் எழுதாத கடை விளம்பரத் தாள்கள் கட்டுக்கட்டாக விழும். அதைப் பார்த்து, தபால் ஒழுங்காகத்தான் வருகிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானோ, அரசாங்கக் கடிதமென்றால் அலுவலகத்துப் பெண்ணுக்கும் வரும்தானே என்று என்னையே ஏய்த்துக்கொண்டிருந்தேன். அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இதற்கிடையில் எனக்கு அந்தக் குடும்பத்தைப் பிடிக்கத் தொடங்கிவிட்டது, அதுதான் கரைச்சல். அவருடைய மனைவியை அக்கா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். அக்கா புட்டு அவித்து வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை பார்த்திருப்பாள். அரிசிமா கிடைக்காமல் கோதுமை மாவில் அவித்த புட்டு, தேங்காய்க்குப் பைக்கற்றில் வருகிற காய்ந்த தூள். சின்னவள் என் மடியில் ஏறி, பள்ளிக்கூடத்தில் படித்த டெனிஷ்ச் சொற்களை எனக்குப் படிப்பிப்பாள். வீட்டுக்குத் திரும்பினால் கணவர் ஒன்றும் கேட்கமாட்டார். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். நான் யாருக்குத் துரோகம் செய்கிறேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

கோடை தொடங்கின நாள் ஒன்றில் அக்காவை முதுகு வலிக்காக வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அக்கா கால் மணித்தியாலம் சொன்னாள். மூத்தவளை நினைத்துப் படுக்கமுடியாமல் இருப்பது, விடிய எழும்பினால் முதுகு பிடித்துக்கொள்வது, ஊரில் எண்ணெய் பூசினால் மாறுவது. நான் வைத்தியரிடம் "அவருக்கு முதுகு வலிக்கிறது" என்றேன். வெளியே வந்ததும் அக்காவும் சின்னவளும் ஏரிக்கரையில் வாத்துக்குப் பாண் போடப் போனார்கள். நானும் அவரும் கரையோர மர வாங்கில் உட்கார்ந்தோம்.

"பிள்ளை, குறை நினைக்காதையும். நீர் குறைச்சுச் சொல்லிப்போட்டீர்" என்றார்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. சம்பளமா தருகிறார்கள் எனக்கு? "அண்ணை, நீங்கள் ஆமிக்கு எல்லாம் கூட்டிக் குறைக்காமல்தான் சொன்னனீங்களோ?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் என் குரல் எவ்வளவு உரத்துப் போனது என்று தெரிந்தது.

அவர் கோபப்படவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இளமையில் சிங்கள ஊரான குருநாகலில் வேலை செய்ததால் அவருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அது யாருக்கோ தெரிந்து, ஒருநாள் ஜீப் வீட்டு வாசலில் வந்து நின்றது. இல்லையென்று சொல்ல வழியில்லை.

"முதல் நாள் ஒரு பெடியன். அதிகாரி கேட்டதுக்கு அவன் எதிர்த்துக் கதைச்சுப்போட்டான். நான் அதைச் சொல்லேல்லை. 'ஐயா, இவன் படிக்கிற பிள்ளை, ஒண்டும் தெரியாதாம்' எண்டு மாத்திச் சொன்னன். அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் விளங்கும் எண்டு எனக்குத் தெரியாது. அந்தப் பெடியனுக்கு அடி விழுந்தது ரெண்டு மடங்கு. அதுக்குப் பிறகு நான் மாத்தேல்லை. சொன்னதை அப்பிடியே சொன்னனான்."

"அப்பிடியே எண்டால்?"

"அப்பிடியே எண்டால் அப்பிடியே. அவன் மெல்லமாத்தான் சொல்லுவான். நீ கத்திச் சொல்லு எண்டுவான். கத்தினனான். தாயை இழுத்துத் தூசணம் சொன்னால் தூசணம். அவன் 'நான்' எண்டால் நானும் 'நான்' எண்டுதான் சொல்லவேணும். 'உன்ரை விரலை முறிப்பன்' எண்டு நான்தான் சொன்னனான்."

எத்தனை பேருக்கு அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எண்ணேல்லை பிள்ளை. கண்ணைக் கட்டியிருப்பாங்கள். அவங்களுக்கு என்ரை குரல்தான் தெரியும்."

கணவரின் தம்பியின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். அந்த மாதத்தைச் சொல்லியாவது கேட்டிருக்கலாம். அவரே என்று தெரிந்தால் என்ன செய்வேன், அவரில்லை என்று தெரிந்தால் என்ன செய்வேன் என்று யோசித்துக் கேட்காமல் விட்டேன். அவருக்குப் பாவமும் பார்த்தேன், கிட்ட இருக்கக் கூச்சமாகவும் இருந்தது. அன்றைக்குப் பெயர்த்தகட்டின் விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். அதற்குள் சின்னவள் கால் நனைந்து ஓடிவந்தாள், பஸ்ஸும் வந்தது. அடுத்த வெள்ளி சொல்லலாம் என்று வீட்டுக்குப் போனேன். அடுத்த வெள்ளி ஏரோகிராமில் மகள் ஏதோ பகிடி எழுதியிருந்தாள், எல்லோரும் சிரித்தார்கள். அப்போது, இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் வந்தது. நாள் போகப் போகச் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது.

ஆடி மாதம் நாடே விடுமுறையில் போய்விட்டது. ஆவணியில் அலுவலகத்துப் பெண்ணிடம் போய்க் கேட்போமா என்றேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். "கச்சேரியிலை அடிக்கடி வந்து விசாரிக்கிறவன்ரை விண்ணப்பக் கோவையை நாங்கள் அடியிலைதான் வைக்கிறனாங்கள். பேசாமல் இருக்கவேணும்." இருபது வருடம் வேலை செய்தவர் சொல்கிறார் என்று அக்காவும் வாயை மூடிக்கொண்டாள். புரட்டாசியில் மகளுக்கு என்று கம்பளிச் சட்டை ஒன்று வாங்கி, அளவு சரியாக இருக்குமோ என்று என்மேல் வைத்துப் பார்த்தாள்.

ஒக்டோபர் கடைசியில் அலுவலகத்துப் பெண்ணே கூப்பிட்டாள். தற்செயலாகக் கொப்பன்ஹேகனுக்குத் தொலைபேசியில் விசாரித்திருக்கிறாள். நான் ஒரு பக்கம், அவர்கள் இருவரும் மற்றப் பக்கம், நடுவில் அவள் மேசை. அவள் தலையைச் சாய்க்காமல் நேரே பார்த்துக் கதைத்தது அன்றைக்குத்தான். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட இன்னொரு தாள் வேண்டும் என்று வசந்த காலத்தில் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். திரும்பி வந்துவிட்டது. கோடையில் மறுபடி அனுப்பினார்கள். அதுவும் திரும்பி வந்தது. பதில் இல்லாததால் விண்ணப்பக் கோவையை மூடிவிட்டார்கள். இப்போது மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. புதிதாக விண்ணப்பித்தாலும் பிள்ளையாக எடுக்கமாட்டார்கள்.

நான் அக்காவைப் பார்த்து, "கொஞ்சம் பிந்துமாம் அக்கா. ஏதோ ஒரு தாள் குறையுதாம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "பிள்ளை, அவ இவ்வளவு நேரம் கதைச்சவ. நீர் இவ்வளவுதான் சொல்லுறீர். சொன்னதை அப்பிடியே சொல்லும்."

அப்படியே சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "உங்கடை மகளுக்கு வயது கடந்துபோச்சு. அவவைக் கூப்பிட இனி உங்களுக்கு உரிமை இல்லை."

அக்கா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பவேயில்லை. என்னைத்தான் பார்த்தாள். "இல்லையெண்டு சொல்ல நீ ஆரடி?"

என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லையென்று சொல்ல நான் யார் என்று கேட்கிறார் என்றேன். அவள் கண் கலங்கி, நான் மிகவும் வருந்துகிறேன் என்று சொல்லுங்கள் என்றாள். "நான் மிகவும் வருந்துறன்" என்றேன் தமிழில்.

"உன்ரை வருத்தத்தை நீயே வைச்சுக்கொள்" என்றாள் அக்கா.

அவர் மட்டும் கிளாக்குக்குரிய கேள்வியைக் கேட்டார். கடிதம் ஏன் திரும்பியது? கதவில் அவர்களுடைய பெயர் இல்லை, அதனால்தான் என்றாள் அந்தப் பெண். பெயர் இல்லாவிட்டால் கடிதம் போடமாட்டார்களா என்று கேட்டார். அவள் ஆச்சரியப்பட்டுப் பதில் சொன்னாள். அதை நான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது.

"அது இஞ்சை எல்லாருக்கும் தெரியுமாம்" என்றேன்.

உனக்குத் தெரியுமா என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. அக்கா எழும்பிப் போய்விட்டாள். அவர் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். அன்று பின்னேரமே கதவில் தகட்டைக் கழற்றிவிட்டு வெள்ளைப் பட்டியை எழுதி ஒட்டினாராம். அதையும் அலுவலகத்துப் பெண்தான் சொன்னாள்.

அவள் தன்னால் முடிந்ததெல்லாம் செய்தாள். மேல்முறையீடு எழுதினாள், யார் யாரையோ பிடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மகள் கொழும்பில் சில வருடங்கள் இருந்துவிட்டு, கல்யாணம் முடித்துக் கனடாவுக்குப் போனாள். தாய் அவளைத் திரும்பப் பார்ப்பதற்குள் பதினொரு வருடம் போய்விட்டது. கதவில் பெயர் வந்துவிட்டதால் ஏரோகிராமுக்கும் அதற்குப் பிறகு என் விலாசம் தேவைப்படவில்லை.

அக்கா அதற்குப் பிறகு என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. பொங்கலுக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் தமிழர்கள் கூடினால், நான் ஒரு வரிசையில் இருந்தால் அவள் எழும்பிப் பின்வரிசைக்குப் போவாள். என்ரை பிள்ளை வராமல் தடுத்தவள் என்று சொல்லித் திரிகிறாளாம். என் கணவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "நீர் மொழிபெயர்த்தனீர் மட்டுந்தானே. அவ ஒரு விசர் மனுசி" என்றார். அந்தக் குடும்பத்தைப் பற்றி அவர் என் பக்கம் நின்று கதைத்தது அதுதான் முதல் தடவை. எனக்கு வாய்விட்டு அழவேண்டும் போலிருந்தது. நான் மொழிபெயர்த்தேன் என்பது உண்மை. அது மட்டும்தான் செய்தேன் என்பது உண்மையில்லை. எந்தக் குற்றத்துக்காக அக்கா என்னை வெறுத்தாளோ அதை நான் செய்யவில்லை, நான் செய்தது அவளுக்குத் தெரியாது. இந்தச் சிக்கலை யாரிடம் கொண்டுபோய் அவிழ்ப்பது என்று தெரியாமல் வருடக்கணக்கில் சுமந்து திரிந்தேன்.

கணவரின் தம்பி பிறகு லண்டனுக்கு வந்துவிட்டார். ஒருமுறை தொலைபேசியில், அந்தக் குரலை இப்போது கேட்டால் அடையாளம் தெரியுமா என்று கேட்டுப் பார்த்தேன். "அண்ணி, இப்ப எனக்கு எல்லாக் குரலும் அந்தக் குரல் மாதிரித்தான் கேக்கும்" என்றார். அதோடு அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

அக்கா கனடாவுக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்த வருடம், பஸ் தரிப்பில் அக்காவின் கணவரைத் தனியாகக் கண்டேன். நன்றாக வயதாகியிருந்தது. முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தார். டெனிஷ் எங்கள் எல்லோரையும்விட நன்றாகக் கதைப்பார் என்று சொல்வார்கள். மொழிபெயர்க்க வரச்சொல்லி எத்தனையோ பேர் கேட்டும் ஒருநாளும் போகவில்லையாம். மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் வர ஏழெட்டு நிமிடம் இருந்தது. எனக்குள் ஏதோ பிய்த்துக்கொண்டு வந்தது.

"அண்ணை, பெயர் இல்லாட்டி கடிதம் வராது எண்டு எனக்கு முதலே தெரியும்" என்றேன்.

அவர் குடையை மற்றக் கைக்கு மாற்றினார். "தெரியும் பிள்ளை. 'எல்லாருக்கும் தெரியும்' எண்டு சொல்லேக்கை உம்மடை குரல் மாறினது. நான் எத்தினை வருசம் குரல் கேட்டவன்."

"ஏன் நீங்கள் அக்காவுக்குச் சொல்லேல்லை?"

"அதை அவவுக்குச் சொல்லவேணுமெண்டால் நீர்தான் சொல்லவேணும். நான் இனி ஒருத்தற்றை கதையையும் இன்னொருத்தருக்குக் கொண்டுபோக மாட்டன்" என்றார். பஸ் வந்தது. என்னை முதலில் ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனேன். அதே கட்டடம், அதே படிகள். பித்தளைத் தகடு இருந்த இடத்தில் ஆணித் துளைகள் இரண்டும் அப்படியே இருந்தன. கீழே வெள்ளைப் பட்டியில் கிளாக்கின் மணிமணியான கையெழுத்தில் நான்கு பெயர்கள். மூன்று பேர்தானே இருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்தேன். நான்காவது மூத்த மகளின் பெயர். அந்த வீட்டில் ஒருநாள்கூட இருந்திராத பிள்ளையின் பெயர். மை மங்க மங்க அதன்மேலேயே திரும்பத் திரும்ப எழுதியிருந்தார்கள்.

மணியை அழுத்தினேன். சின்னவள் திறந்தாள். என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். என்னை யாரென்று மட்டுக்கட்ட முடியாமல், யாரோ வந்திருக்கிறார்கள் என்று டெனிஷில் உள்ளே சொல்லிவிட்டுப் போனாள். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள்.

"அக்கா, கதவிலை பெயர் போடாட்டி கடிதம் வராது எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சொல்லாமல் விட்டனான்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன்.

"ஏன்?" என்றாள்.

வரும் வழியெல்லாம் ஒன்பது காரணம் அடுக்கிக்கொண்டு வந்தவள் நான். கணவரின் தம்பியின் விரல்கள், அண்ணையின் பயம், என்னுடைய பயம். அவள் முகத்தைப் பார்த்ததும் அதில் ஒன்றாவது உண்மையான காரணமாக எனக்குப் படவில்லை.

"எனக்குத் தெரியாது, அக்கா" என்றேன்.

அவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. நானும் போகாமல் நின்றேன்.